கலாக்ஷேத்ரா கரை

கேள்வி: ஒருவருடைய ரசனையே ஆடைக்கும் வீட்டு அலங்காரத்துக்கும் பாணியாக மாறியது தமிழகத்தில் உண்டா? – வாசகி, தாராபுரம்

பதில்: ருக்மிணி தேவி அருண்டேல் (1904–1986). 1936இல் கலாக்ஷேத்ரா என்ற கலைப்பள்ளியைத் தொடங்கியவர், மறு ஆண்டே அங்கே தறிகளையும் போட்டார். பழைய புடவைகளில் இருந்த கோலங்களை மீட்டு, உடல் ஒரு நிறம், அகலக் கரை எதிர் நிறம் என்று நெய்யச் செய்தார். இதற்குக் கோர்வை நெசவு வேண்டும்: உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடா ஓடும், நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளும் உட்கார வேண்டும். விலை ஏறுவது சும்மா இல்லை. பின்னாளில் துணியில் ஓவியம் தீட்டும் கலம்காரிப் பட்டறையும் அங்கே வந்தது; திரைச்சீலை, விரிப்பு என அந்த ரசனை கூடத்துக்குள்ளும் நுழைந்தது.

இன்னொருவர், ஒரு நிறத்துக்கே பெயர் தந்த பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி. அவருக்காகக் காஞ்சிபுரத்தில் முத்து செட்டியார் நெய்த நீலத்துக்கு ஜவுளிக்கடைகளில் இன்றும் ‘எம்.எஸ். புளூ’ என்றே பெயர்.