களஞ்சியம் வளர்த்த சின்னப்பிள்ளை

ஏட்டுக் கல்வி இல்லாதவர் ஊரை உயர்த்த இயலுமா? இயலும் என்று காட்டியவர் மதுரை மாவட்டம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை. வயல் கூலியாக உழைத்த அவர், நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைத் திரட்டிச் சென்று, நில உடைமையாளரிடம் கூலி பேசிப் பெற்றுத் தந்தார். கந்துவட்டி அக்கூலியை விழுங்கக் கண்டு, 'களஞ்சியம்' என்னும் சேமிப்புக் குழுவில் அவர்களை இணைத்தார். சிறுகச் சேர்த்த பணமே குறைந்த வட்டியில் கடனாயிற்று; வட்டியும் குழுவிலேயே தங்கிற்று.

2001-இல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், அவர் பாதம் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ விருதும் கிட்டியது.

தோழியரே, குண்டடத்திலும் நம் அன்னையர் குழுக்களில் சேமிக்கின்றனர். அக்கணக்கேட்டை அவர்களுக்கு வாசித்துக் காட்ட நாம் கற்ற எழுத்து உதவட்டும்.