பனிச்சறுக்குக்கு இத்தாலியா, பொகவந்தலாவையா?

கேள்வி: இத்தாலி மலைக் கிராமத்துக்குத் தனியாகப் போய்ப் பனிச்சறுக்கு விளையாட ஆசை. கையில் காசில்லை. நம் இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவை சரிவருமா?

பதில்: சறுக்கப் பனி கிடையாது, தங்கச்சி. தேயிலைச் சரிவில் சறுக்கினால் அட்டைதான் மிச்சம்! ஆனால் தனியாகப் போக நல்ல இடம். அட்டனில் ரயிலிறங்கி, டிக்கோயா, நோர்வூட் வழி பஸ் பிடியுங்கள். புனித மேரி தேவாலய முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறையைப் பாருங்கள். 48 வயதில் முதல் கேமராவைக் கையிலெடுத்து உலகப் புகழ்பெற்ற புகைப்படக்காரி. 1879இல் இங்கே அடக்கமானார். டிசம்பர் போயாவுக்கும் வெசாக்குக்கும் இடையில் போனால், நல்லதண்ணி வழியாக 2243 மீற்றர் சிவனொளிபாதமலையும் ஏறலாம். இரவு முழுக்கப் படியெங்கும் சனம், வழிநெடுகத் தேத்தண்ணிக் கடை, தனிமை தெரியாது. சுவெட்டரை மறக்காதீர்கள், உச்சியில் பல் கிட்டும்.