டீச்சர் பெயரில் ஒரு டிரஸ்ட்

பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்த ஓர் ஆசிரியர் மறைந்தால், பதினாறாம் நாள் காரியத்துக்குள்ளேயே அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கும் பேச்சு வந்துவிடுகிறது. வாட்ஸ்அப் குழு உருவாகிறது. ஒருவர் பத்தாயிரம் தருகிறேன் என்கிறார், இன்னொருவர் இருபத்தைந்தாயிரம். பள்ளி வாசலில் மார்பளவுச் சிலை வைக்கலாம் என்கிறது ஒரு குரல். பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுப்பவருக்குத் தங்கக் காசு தரலாம் என்கிறது மற்றொன்று. அம்பத்தூரில் நாங்கள் படித்த அரசுப் பள்ளியின் கணக்கு டீச்சர் மறைந்தபோது எங்கள் குழுவிலும் இதே பேச்சுதான் ஓடியது. அந்த வேகத்தில் எதையும் முடிவு செய்யாமல் ஆறப்போட்டது நல்லதாகப் போயிற்று. இன்று திருமுல்லைவாயல், பட்டாபிராம், பூவிருந்தவல்லிப் பக்கத்துப் பழைய மாணவர்கள் எங்களைத் தேடி வந்து, "எப்படிங்க ஆரம்பிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். டீச்சரின் பெயரை எழுதாமல் விடுவது அவர் குடும்பத்தாரின் விருப்பம்.

பணம் கேட்கத் தொடங்கும் முன், உங்கள் ஆசிரியர் என்னென்ன செய்தார் என்பதை எழுதி வையுங்கள். இதற்கு நம்மிடம் பெரிய முன்னோடி ஒருவர் இருக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் மறைந்தார். அவரிடம் பாடம் கேட்ட உ.வே.சாமிநாதையர், ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 1933-லும் 1934-லும் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். பிள்ளையவர்கள் எத்தனை புராணம் பாடினார் என்பதோடு அவர் நிற்கவில்லை. தம்மிடம் தங்கிப் படித்த மாணவர்கள் சாப்பிட்டார்களா என்று அந்த மனிதர் எப்படிக் கவலைப்பட்டார், சவரிராயலு நாயகர், நாகூர் குலாம் காதிறு நாவலர் என்று மதம் பாராமல் வந்தவர்க்கெல்லாம் எப்படிப் பாடம் சொன்னார் என்பதையும் சேர்த்தே நமக்குத் தந்தார். அந்த நூல் இல்லையென்றால் பிள்ளையவர்களின் அன்பு நமக்கு வெறும் செவிவழிச் செய்தியாகப் போயிருக்கும்.

நாங்கள் நூல் எழுதவில்லை. ஆளுக்கு ஒரு சம்பவத்தைக் குரல் பதிவாக அனுப்பச் சொன்னோம். "தெய்வம் மாதிரிங்க", "தங்கமான மனசு" என்று நிறுத்திக்கொண்டால் ஏற்பதில்லை. எங்கே, எப்போது, என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். வந்தவற்றை எழுத்தில் வைத்துப் பார்த்தபோது, எங்களுக்கே தெரியாத டீச்சர் ஒருவர் அதில் இருந்தார்.

மதியம் சாப்பாடு கொண்டுவராத பிள்ளையை எல்லார் எதிரிலும் அவர் எதுவும் கேட்டதில்லை. "அந்த நோட்டுக் கட்டைத் தூக்கிட்டு என்கூட வா கண்ணு" என்பார். நோட்டுகள் ஆசிரியர் அறைக்குப் போகும், அங்கே ஒரு டிபன் பாக்ஸ் காத்திருக்கும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஒரு பையன் வரவில்லையென்றால் சாயங்காலம் மண்ணூர்பேட்டையோ பட்டரவாக்கமோ, வீடு தேடி நடந்தே போவார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு கம்பெனி லாக்-அவுட் ஆன வாரம் என்றால், அந்தக் கம்பெனிக்காரர் பிள்ளைகளின் பேர் அவருக்கு மனப்பாடம். தேர்வுக் கட்டணம் கட்டாதவர் பட்டியலை வகுப்பில் வாசிக்கும் வழக்கம் அன்று இருந்தது. அவர் வகுப்பில் வாசிக்கும்போது பட்டியலில் யாருமே இருக்க மாட்டார்கள். அவர் மேசை இழுப்பறையில் ஊக்கு, ஊசி நூல், வெள்ளைத் துணி, ஒரு சீப்பு எப்போதும் இருக்கும். அது எதற்கு என்று பெண் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இத்தனை பதிவுகளிலும் முதல் மதிப்பெண் எடுத்த மாணவர் ஒருவர்கூடத் தலைகாட்டவில்லை. தங்கக் காசு யோசனை அன்றே கைவிடப்பட்டது. டீச்சர் கொடுத்த தொகை எல்லாமே சின்னது. ஆனால் கேட்கும் முன்பே வந்தது, மூன்றாவது ஆளுக்குத் தெரியாமல் வந்தது. அறக்கட்டளையும் அப்படியே நடக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். நோக்கம் என்ன என்ற சண்டை அதன் பிறகு எங்களுக்குள் வரவே இல்லை.

அடுத்து, இன்றைய பிள்ளைக்கு எந்த இடத்தில் கை கொடுப்பது என்று பார்க்க வேண்டும். நாங்கள் படித்த காலத்துக்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மதிய உணவோடு, தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் 2022 முதல் வந்துவிட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதேபோல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் வென்ற பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணமே கிடையாது. இவ்வளவு இருக்கும்போது ஒரு சின்ன டிரஸ்ட் செய்ய என்ன மிச்சம் என்று சிலர் கேட்டார்கள்.

நிறையவே இருக்கிறது. அரசுப் பணம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். சேர்வதற்கு முன்னால் செலவு நிற்கிறது. மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து முதல் உதவித்தொகை வங்கிக் கணக்கில் விழும் நாள் வரை உள்ள இடைவெளியில்தான் எங்கள் பகுதிப் பிள்ளைகள் நழுவிப் போகிறார்கள். விண்ணப்பக் கட்டணம், முதல் தவணை, ஹாஸ்டல் முன்பணம், பாலிடெக்னிக்குக்கு யூனிஃபார்மும் ஷூவும், திருவள்ளூருக்கோ சென்ட்ரலுக்கோ மின்சார ரயில் சீசன் டிக்கெட். கூட்டிப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த வாரத்தில் அது கையில் இல்லாமல்தான் பையன் "ஒரு வருஷம் வேலைக்குப் போயிட்டு அப்புறம் சேர்றேன் சார்" என்கிறான். எஸ்டேட்டில் கான்ட்ராக்ட் வேலை மறுநாளே கிடைக்கும். அந்த ஒரு வருஷம் பெரும்பாலும் முடிவதே இல்லை. ஆகவே எங்கள் பணத்தில் பெரும் பகுதி ஜூனுக்குள் செலவாகிவிட வேண்டும் என்பது விதி. பரிசளிப்பு விழாவுக்காக ஜனவரி வரை எடுத்து வைப்பதில்லை.

பணத்தைவிடவும் அதிகமாகப் பயன்பட்டது, கூடப் போவது. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் வாங்கலாம். ஆனால் ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து ஒரு மாதிரியும் பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். தினக்கூலிக்குப் போகும் அம்மா அதற்காக மூன்று நாள் சம்பளத்தை விட முடியாது. எங்களில் பணி ஓய்வு பெற்ற இரண்டு பேர் ஏப்ரலிலேயே பிளஸ் டூ பிள்ளைகளின் காகிதங்களைச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவார்கள். என்.எம்.எம்.எஸ். உதவித்தொகையை ஒவ்வோர் ஆண்டும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். அதை மறந்து பணத்தை இழக்கும் பிள்ளைகள் உண்டு. ஒரு தொலைபேசி அழைப்பில் 12,000 ரூபாயைக் காப்பாற்றலாம்.

யாருக்கு உதவுவது என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. வகுப்பாசிரியர்கள்தான் சொல்கிறார்கள். விண்ணப்பப் படிவம் கொடுத்து, "உங்கள் குடும்பத்தின் வறுமையை விளக்குக" என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளையை எழுத வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் டீச்சர் அதைப் பார்த்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார். காசோலையை உயர்த்திப் பிடித்துப் புகைப்படம் எடுப்பதும் கிடையாது. இதனால் நன்கொடை குறையும் என்று சிலர் பயந்தார்கள். நன்கொடையாளருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பக்கக் கணக்கு அனுப்புகிறோம்: எத்தனை பேர், எந்தப் படிப்பு, எதற்கு எவ்வளவு. பிள்ளைகளின் பெயர் இருக்காது. பணம் கொடுப்பவர்கள் அதை மதிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

இனி சட்டமும் கணக்கும். எஸ்டேட்டில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் இந்தப் பகுதி என் தலையில் விழுந்தது. டிரஸ்ட் பத்திரத்தைத் தமிழிலேயே எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். நோக்கங்களை விரிவாக எழுதுங்கள். "அம்பத்தூரில் உள்ள இந்தப் பள்ளி மாணவர்க்கு மட்டும்" என்று குறுக்கினால் நாளை அந்தப் பள்ளி வேறொன்றோடு இணைக்கப்பட்டால் சிக்கல். அறங்காவலர்கள் எல்லாரும் ஒரே வயதுக்காரர்களாக இருக்க வேண்டாம். டிரஸ்டைக் கலைக்க நேர்ந்தால் சொத்து இதே நோக்கமுள்ள இன்னோர் அறக்கட்டளைக்குப் போக வேண்டும் என்ற விதியைக் கட்டாயம் சேருங்கள். வருமான வரித் துறை அதைத்தான் முதலில் பார்க்கும்.

வரிப் பதிவு முதலில் மூன்றாண்டுக்குத் தற்காலிகமாகக் கிடைக்கும், பிறகு முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தேதியை டைரியில் சிவப்பில் எழுதி வையுங்கள். 80ஜி வரிச்சலுகை உண்டு என்று சொல்லிப் பணம் கேட்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, பழைய முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினாலும் கொடுத்தவருக்குச் சலுகை இல்லை. யார் யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்ற படிவத்தை ஒவ்வோர் ஆண்டும் மே 31-க்குள் தாக்கல் செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 200 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் ஏறும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு. பழைய எண்களை நம்பி ரசீது அச்சடித்து வைக்காதீர்கள். கையிருப்பைச் சீட்டில் போட்டால் நல்ல வருமானம் என்று நம் பக்கத்தில் யாராவது சொல்வார்கள். கூடாது. அறக்கட்டளைப் பணத்தை வங்கி, அஞ்சலகம் போலச் சட்டம் அனுமதித்த இடங்களில்தான் வைக்கலாம்.

வெளிநாட்டு நண்பர்கள் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால் அதே பணம் வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்றாண்டு செயல்பாடும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழியிடம் பணம் வேண்டாம் என்று சொல்வது வருத்தமாகத்தான் இருந்தது. அவர் இப்போது பிளஸ் டூ பிள்ளைகளோடு வாராவாரம் வீடியோவில் ஆங்கிலம் பேசிப் பழக்குகிறார். அதுதான் அவர்களுக்கு இன்னும் பெரிய உதவியாக அமைந்தது.

பள்ளிக்குப் பொருளாக ஏதாவது தர விரும்பினால் தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் முதலில் கேளுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தருவதற்கென்றே 2022-இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது. குடிநீர் இயந்திரம் வாங்கித் தர எல்லாரும் முன்வருவார்கள். அதன் ஃபில்டரை மாற்ற ஆள் இருக்க மாட்டார்கள். புதிதாக எதையும் வாங்கித் தராமல், ஏற்கெனவே இருப்பதன் பராமரிப்பை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பக்கத்தில் ஏற்கெனவே உழைப்பவர்களைப் போய்ப் பாருங்கள். திருநின்றவூரை அடுத்த கசுவா கிராமத்தில் வி. முரளிதரன் 1988-இல் தொடங்கிய சேவாலயா, மகாகவி பாரதியார் பெயரில் கட்டணமில்லாப் பள்ளி நடத்துகிறது. ஒரே வளாகத்தில் முதியோர் இல்லமும் மாட்டுக் கொட்டிலும் பள்ளியும் இருப்பதைப் பார்த்தபோது, எங்கள் அளவு எது என்பது எங்களுக்குத் தெளிந்தது. இல்லம் நடத்துவது முழு வாழ்க்கையைக் கேட்கும் வேலை. வேலைக்குப் போய்க்கொண்டு ஓய்வு நேரத்தில் செய்யக் கூடியது அல்ல. பூவிருந்தவல்லியில் பார்வைத்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அத்தகைய பிள்ளைகள் கல்லூரிக்கும் போட்டித் தேர்வுக்கும் போகும்போது, சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஆளையும் பாடம் வாசித்துக் காட்டும் ஆளையும் தேடி அலைய வேண்டியிருக்கிறது. உங்கள் டிரஸ்டில் பணம் போட முடியாத பழைய மாணவர் யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

கடைசியாக, உங்கள் குழுவில் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய்கூடத் தேறாது என்றால் டிரஸ்ட் பதிவே வேண்டாம். ஆடிட்டர் கட்டணத்துக்கும் படிவங்களுக்கும் அதில் பாதி போய்விடும். மூன்று பேர் சேர்ந்து ஒரு கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். மே மாதக் கடைசியில் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். அவர் சொல்லும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை நேரே கல்லூரிக்குக் கட்டி, ரசீதைப் பிள்ளையின் வீட்டில் கொடுத்துவிடுங்கள். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி ஆண்டுக்கு ஒருமுறை குழுவில் போடுங்கள். நாங்களும் பதிவு செய்வதற்கு முன் சில ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினோம். அந்த நோட்டுதான் பிறகு பதிவுக்குப் போனபோது எங்கள் செயல்பாட்டுக்குச் சான்றாக நின்றது.