கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு

அன்புள்ள கயல்விழிக்கு,

சரக்குக் கப்பலின் பக்கவாட்டில், நீளத்தின் நடுவே, 300 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு வட்டமும் அதை ஊடறுக்கும் கோடும் இருக்கும். கோடைக்காலக் கடலில் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சுமை அதிகம். கப்பலைப் பார்ப்பவர்களில் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓட்டைக் கப்பலுக்குப் பெருந்தொகைக்குக் காப்பீடு எடுத்து, அளவுக்கு மீறிச் சரக்கேற்றி அனுப்பிய முதலாளிகள் இருந்தார்கள். கரை சேர்ந்தால் சரக்குக் கட்டணம், மூழ்கினால் காப்பீட்டுப் பணம். உயிர் போவது மாலுமிக்குத்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் கப்பலைப் பார்த்து மிரண்டு ஏற மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். ‘சவப்பெட்டிக் கப்பல்’ என்றே அவற்றுக்குப் பெயர்.

இந்தக் கொடுமையை எதிர்த்துக் கோட்டுக்காகப் போராடிய சாமுவேல் பிளிம்சால் கடலோடி அல்ல, நிலக்கரி வியாபாரி. 1868இல் டெர்பி தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். (அவருக்கு முன்பே இதற்காகக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஹால் ஒரு கப்பல் முதலாளி. எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்திவிடாதே.) 1873இல் மாலுமிகளின் நிலை பற்றிப் பிளிம்சால் ஒரு நூல் எழுதினார். 1875 ஜூலையில் பிரதமர் டிஸ்ரேலி கப்பல் மசோதாவைக் கைவிட்டபோது, பிளிம்சால் சக உறுப்பினர்களையே அயோக்கியர்கள் என்று அவையில் சாடினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். ஊர் அவர் பக்கம் நின்றது. 1876இல் கோடு சட்டமானது.

வேடிக்கை அதன் பிறகுதான். கோடு கட்டாயம், அதை எங்கே போடுவது என்பது முதலாளியின் இஷ்டம்! இந்த ஓட்டையை அடைக்க 1890 வரை ஆயிற்று. உலக நாடுகளின் ஒப்பந்தம் 1930இல் வந்தது.

வட்டத்துக்குப் பக்கத்தில் ஏணிப்படி போல இன்னும் சில கோடுகள் உண்டு. ஒரு கன மீட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிலோ, நன்னீர் 1,000 கிலோ. லேசான நீரில் அதே கப்பல் கூடுதலாக அமிழும். எனவே ஆற்றுத் துறைமுகத்தில் ஏற்றும்போது சற்று மேலே உள்ள கோடு வரை தண்ணீர் வரலாம். கடலுக்குப் போனதும் கப்பல் தானாக உயர்ந்துவிடும். வெப்பமண்டலக் கடலுக்கான கோடும் மேலேதான். குளிர்காலத்தில் அலை மூர்க்கமானது, அதற்கான கோடு கீழே. எல்லாவற்றுக்கும் அடியில், 100 மீட்டருக்கு மேற்படாத கப்பல்களுக்காக, குளிர்கால வட அட்லாண்டிக்குக்கென்றே தனிக்கோடு. அந்தக் கடலின் குணம் அப்படி.

வட்டத்தின் இருபுறமும் உள்ள எழுத்துகள், அளந்து கோடு குறித்த அமைப்பைக் காட்டுபவை. ‘எல்’, ‘ஆர்’ என்றிருந்தால் லாயிட்ஸ் ரெஜிஸ்டர். முதலாளி இஷ்டத்துக்கு இப்போது அந்தக் கோட்டை ஒரு விரல்கூட மேலே தள்ள முடியாது.

அன்புடன்,
சித்தப்பா