எம்.சி.பி. விழுந்தால் எரிச்சல் வேண்டாம்!

தில்லியின் ஜனவரிக் குளிரை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு ஜனவரியில் மயிலாடுதுறையிலிருந்து என் மாமியார் எங்களுடன் தங்க வந்திருந்தார். நாங்கள் இருந்தது பழைய வாடகை வீடு. காலையில் குளியலறையில் கீஸர், மாமியார் அறையில் ரூம் ஹீட்டர், பிள்ளைகளின் சீருடைக்கு இஸ்திரிப் பெட்டி, காபிக்கு எலக்ட்ரிக் கெட்டில் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். சில நிமிடங்களில் ‘டக்’கென்று எம்.சி.பி. விழுந்துவிடும்.

தினமும் இதே கதையாகவே, பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனை அழைத்தேன். அவர் 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியரை மாட்டினார். “இனிமேல் விழாது சார்” என்றார். சொன்னபடியே விழவும் இல்லை. பத்தாம் நாள் இரவு மாமியார்தான் எழுப்பினார்: “மாப்பிள்ளை, ஏதோ ரப்பர் கருகுற வாடை வருதே!” ஹீட்டர் மாட்டியிருந்த சாக்கெட் பழுப்பேறி உருகியிருந்தது. சுவரைத் தொட்டால் சுட்டது. மெயினை அணைத்துவிட்டு விடியும்வரை விழித்திருந்தோம். மறுநாள் வேறொருவர் வந்து திறந்து பார்த்தபோது, உள்ளே 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி. அதன் மேலுறை இளகிப் போயிருந்தது.

அன்று கற்றதை நம் அன்பர்களுக்கும் சொல்லவே இக்கட்டுரை.

எம்.சி.பி. யாருக்குக் காவல்?

எம்.சி.பி. காப்பது நம் டி.வி.யையோ ஃப்ரிட்ஜையோ அன்று. சுவருக்குள் ஓடும் கம்பியை. சாதாரண பி.வி.ஸி. உறை ஏறக்குறைய 70 டிகிரி செல்ஸியஸ் சூட்டைத்தான் தொடர்ந்து தாங்கும். அளவுக்கு மீறி மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி சூடாகும், உறை இளகும், பிறகு தீ.

எம்.சி.பி.க்குள் இரண்டு காவலர்கள் உண்டு. ஒன்று, இரு உலோகங்களை ஒட்டிய பட்டை. சுமை கூடினால் இது மெல்லச் சூடாகி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். மற்றொன்று காந்தச் சுருள். ஷார்ட் சர்க்யூட் ஆனால் இது கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நம் நாட்டு வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும், அவ்வளவுதான் கணக்கு.

கீஸர் 2000 வாட்ஸ்: சுமார் 8.7 ஆம்பியர்
ரூம் ஹீட்டர் 2000 வாட்ஸ்: சுமார் 8.7
கெட்டில் 1500 வாட்ஸ்: சுமார் 6.5
இஸ்திரிப் பெட்டி 1000 வாட்ஸ்: சுமார் 4.3

மொத்தம் 28 ஆம்பியருக்கு மேல்! 16 ஆம்பியர் எம்.சி.பி. தாங்குவது 3680 வாட்ஸ். எங்கள் வீட்டில் ஓடியதோ 6500 வாட்ஸ். எம்.சி.பி. தன் கடமையைத்தான் செய்தது. நாங்கள்தான் அதன் வாயை அடைத்துவிட்டோம். அந்தக் காலத்தில் பீங்கான் ஃப்யூஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவார்களே, அதே தவறு இது.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். சுமை கொஞ்சமே கூடியிருந்தால் எம்.சி.பி. உடனே விழாது. தன் அளவைப்போல் 1.45 மடங்கு ஓடினாலும் விழுவதற்கு ஒரு மணி நேரம்வரை ஆகலாம். ஆகவே, விழவில்லை என்பதாலேயே சுமை சரி என்று எண்ணக்கூடாது.

காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

1. விழுந்தது எது என்று பாருங்கள். ‘டெஸ்ட்’ என்ற சிறு பொத்தான் உள்ளது ஆர்.சி.சி.பி. அது விழுந்தால் மின்கசிவு என்று சந்தேகிக்க வேண்டும்.

2. எப்போது விழுந்தது? சுவிட்சைப் போட்டவுடன் எம்.சி.பி. விழுந்தால் பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட். சில நிமிடங்கள் ஓடிய பிறகு விழுந்தால் பெரும்பாலும் அதிகச் சுமை.

3. அந்த லைனில் உள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, பிளக்குகளையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தாலும் நியூட்ரல் கம்பி இணைந்தே இருக்கும். அதனால் கழற்றுவது அவசியம். கை ஈரமில்லாமல் இருக்கட்டும்.

4. எம்.சி.பி. நெம்புகோலை முதலில் முழுவதும் கீழே தள்ளி, பிறகு மேலே ஏற்றுங்கள். எதுவும் இணைக்காதபோதே விழுந்தால் கோளாறு வயரிங்கில். மீண்டும் மீண்டும் ஏற்றிப் பார்க்காமல் எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

5. நின்றுவிட்டால் சாதனங்களை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஒரே சாதனத்துக்கு மட்டும் விழுந்தால் பழுது அதில். தனித்தனியே ஓடி, சேர்த்துப் போட்டால் மட்டும் விழுந்தால் அது சுமைதான்.

கீஸரைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுந்தால், உள்ளிருக்கும் எலிமென்ட் பழுதாகி மின்சாரம் கசியக்கூடும். வீடுகளில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்து உயிரைக் காக்கும். தொல்லை என்று அதை நீக்கிவிட்டு நேராக இணைக்கச் சொல்லாதீர்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். ஆனால் ஆர்.சி.சி.பி. அதிகச் சுமையைக் கவனிக்காது, எம்.சி.பி.யும் கட்டாயம் வேண்டும்.

கருகல் வாடை, பழுப்பேறிய சாக்கெட், போர்டில் ‘கொர்’ என்ற ஒலி ஆகியவை தளர்ந்த இணைப்பின் அறிகுறிகள். எம்.சி.பி.யால் இதைக் கண்டுகொள்ள முடியாது. மெயினை அணைத்துவிட்டு ஆளை அழையுங்கள். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

வாடகை வீட்டில் இருப்போர்க்கு

ஹீட்டரையும் கீஸரையும் 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ எக்ஸ்டென்ஷன் போர்டிலோ மாட்டாதீர்கள். 16 ஆம்பியர் சாக்கெட்தான் சரி. கீஸர், ஏ.ஸி. போன்றவற்றுக்குத் தனி லைனும் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் இருப்பது நல்லது. எங்கள் வீட்டுக்காரர் முதலில் தயங்கினார். உருகிய சாக்கெட்டைக் கையில் கொடுத்ததும் மறுவாரமே கீஸருக்குத் தனி லைன் போட்டுத் தந்தார், எம்.சி.பி.யும் கம்பிக்கேற்ற அளவுக்குத் திரும்பியது. மின் கட்டண ரசீதில் அனுமதிக்கப்பட்ட சுமை எத்தனை கிலோவாட் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தி சரளமாக வராதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும்: “எம்.சி.பி. படா மத் லகாயியே, பெஹ்லே தார் தேகியே.” பெரிய எம்.சி.பி. போடாதீர்கள், முதலில் கம்பியைப் பாருங்கள் என்பது பொருள்.

பயிற்சி

வரும் ஞாயிறன்று பிள்ளைகளுடன் உட்காருங்கள். ஒவ்வொரு எம்.சி.பி.யாக அணைத்து, எந்த அறை, எந்தச் சாக்கெட் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாதனங்களின் பின்புறம் உள்ள வாட்ஸை எழுதி, ஆம்பியர் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் போர்டின் கதவுக்கு உட்புறம் ஒட்டி வையுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது காலையில் ஒரு வரிசை உண்டு: கீஸர் அணைந்த பிறகே ஹீட்டர், இஸ்திரி முடிந்த பிறகே கெட்டில். காபி ஐந்து நிமிடம் தாமதமாகிறது. மாமியார் அதற்காக ஒருநாளும் குறைப்பட்டதில்லை.