தலைச்சுற்றலும் பக்கவாதமும்: கண் சொல்லும் சேதி

நம்பிக்கை: கை கால் இழுக்கவில்லை, வாய் கோணவில்லை. ஆகவே பக்கவாதம் இல்லை.

நம் ஊரில் திடீரென்று தலை சுற்றினால் முதல் பழி பித்தத்தின் மேல். எலுமிச்சைச் சாறு, இஞ்சிக் கஷாயம், அதற்கும் அடங்காவிட்டால் ‘கழுத்து எலும்புத் தேய்மானம்’ என்று ஒரு பட்டை. பெரும்பாலான தலைச்சுற்றல்கள் ஆபத்தில்லாதவை என்பதால் இந்த வைத்தியங்களின் பெயர் கெடாமல் இருக்கிறது. படுக்கையில் புரளும்போது அரை நிமிடம் சுற்றிவிட்டு நிற்பது, அநேகமாக உள்காதில் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியதால் வருவது. தலையை முறைப்படி திருப்பியே அதைச் சரிசெய்துவிடலாம்.

இங்கே பேச்சு வேறொன்றைப் பற்றி. திடீரென்று தொடங்கி, மணிக்கணக்கில் ஓயாமல் சுற்றி, வாந்தியும் வந்து, எழுந்தால் ஒரு பக்கமாகச் சாய்க்கும் தலைச்சுற்றல். இதுவும் பெரும்பாலும் உள்காது நரம்பின் அழற்சியால் வருவதுதான். ஆனால் ஒரு பங்கு பக்கவாதம். கழுத்தெலும்புகளின் ஊடாக ஏறும் இரண்டு தமனிகள்தான் சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் ரத்தம் கொடுக்கின்றன. அங்கே அடைப்பு வந்தால் கை கால் பலமும் பேச்சும் அப்படியே இருக்க, உலகம் மட்டும் சுழலலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். கஷாயம் காய்ச்சும் நேரமும் அதில்தான் கழிகிறது.

நம்பிக்கை: கண் ஆடினால் அது காதுக் கோளாறு.

கண் ஆடுகிறதா என்பதைவிட எந்தத் திசையில் ஆடுகிறது என்பதே முக்கியம். உள்காது பழுதானால் விழி ஒரு பக்கம் மெதுவாக நழுவி, எதிர்ப்பக்கம் வெடுக்கென்று திரும்பும். நோயாளி இடம் பார்த்தாலும் வலம் பார்த்தாலும் அந்த வெடுக்கு ஒரே திசையில்தான். வலம் பார்க்கும்போது வலமும், இடம் பார்க்கும்போது இடமுமாகத் திசை மாறினால் கோளாறு மூளையில். மேலும் கீழுமாக மட்டும் ஆடினாலும் அப்படியே. இன்னொரு சோதனையில் மருத்துவர் ஒவ்வொரு கண்ணாக மாற்றி மாற்றி மூடுவார். திறந்த கண் மேலிருந்து இறங்கியோ கீழிருந்து ஏறியோ நிலைக்கு வந்தால் அதுவும் மூளைத்தண்டைச் சந்தேகிக்க வைக்கும்.

நம்பிக்கை: சோதனை நார்மல் என்றால் பயமில்லை.

இந்த ஒரு விஷயத்தில் கணக்கு தலைகீழ். 1988இல் ஹல்மாகி, கர்தாய்ஸ் என்ற இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் விவரித்த சோதனை இது. நோயாளி மருத்துவரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்க, மருத்துவர் அவர் தலையைச் சட்டென்று சற்றே திருப்புவார். காது நரம்பு பழுதென்றால் விழி தலையோடு போய்விட்டு, பிறகு குதித்து மூக்குக்குத் திரும்பும். விழி மூக்கைவிட்டு நகரவே இல்லை என்றால் காது நரம்பு ஒழுங்காக வேலை செய்கிறது. அப்படியானால் ஓயாத இந்தச் சுற்றல் எங்கிருந்து வருகிறது? தலை சுற்றிக்கொண்டிருப்பவரிடம் இந்தச் சோதனை நார்மலாக இருந்தால்தான் மருத்துவர் கவலைப்பட வேண்டும். சுற்றல் நின்றுபோனவரிடம் இதைச் செய்து பார்ப்பதில் பொருளில்லை. வீட்டில் யாரும் யார் கழுத்தையும் இப்படித் திருப்பவும் கூடாது. கழுத்துத் தமனி கிழிந்து வந்த பக்கவாதமாகவும் இருக்கலாம்.

நம்பிக்கை: ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை.

சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவைக் காட்டும். ஆனால் சிறுமூளைப் பக்கத்துப் புதிய அடைப்பைப் பெரும்பாலும் தவறவிடும். அங்கே தடித்த எலும்பு படத்தைக் குலைக்கிறது. எம்.ஆர்.ஐ. மேலானது, ஆனாலும் முதல் இரண்டு நாளில் முழுதாக நம்ப முடியாது. பக்கவாத ஆபத்துக் காரணம் ஏதேனும் ஒன்றாவது உள்ள, ஓயாத தலைச்சுற்றலோடு வந்த 101 பேரை ஆராய்ந்து அமெரிக்காவில் ஜார்ஜ் கட்டா, டேவிட் நியூமன்-டோக்கர் குழு 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. மூளைப் பாதிப்பு இருந்த எல்லோரையும் மேற்சொன்ன மூன்று கண் சோதனைகளும் சேர்ந்து பிடித்தன. முதல் எம்.ஆர்.ஐ. 12 சதவீதம் பேரின் பக்கவாதத்தைத் தவறவிட்டிருந்தது. சோதித்தவர்கள் இதிலேயே ஊறியவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பழகாத கையில் இவ்வளவு துல்லியம் வராது.

நம்பிக்கை: காதும் கேட்கவில்லை, அப்படியானால் காதுதான்.

உள்காதுக்குப் போகும் மெல்லிய தமனி, சிறுமூளைக்கு ரத்தம் தரும் கிளை ஒன்றிலிருந்துதான் வழக்கமாகப் பிரிகிறது. அந்தக் கிளை அடைத்தால் மூளையும் காதும் சேர்ந்தே பழுதாகும். தலைத்திருப்புச் சோதனையும் காதுக் கோளாறு போலவே காட்டி மருத்துவரை ஏமாற்றும். அதனால்தான் இந்த மூன்றோடு நான்காவதாக ஒன்றைப் பின்னர் சேர்த்தார்கள்: நோயாளியின் காதருகே விரல்களை உரசி, கேட்கிறதா என்று கேட்பது. சுற்றலோடு ஒரு காது திடீரென்று அடைத்துப்போனால், காது டாக்டரிடம் நாளைக்குப் போகலாம் என்று இருக்காமல், பக்கவாதப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே போய்விட வேண்டும்.