மூக்கை நம்பாதீர்கள், பி.எச். பாருங்கள்

வீட்டோடு நீச்சல் குளம் என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கோவைப் பக்கத்திலும் இப்போது அதிசயமில்லை. குளத்தோடு சேர்ந்து சில நம்பிக்கைகளும் குடிவந்துவிட்டன.

"குளோரின் வாடை தூக்கலாக அடித்தால் தண்ணீர் சுத்தம்."

நேர்மாறு. நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் வாடை அநேகமாகத் தெரியாது. மூக்கைத் துளைப்பது குளோரமின். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கூடிப் பிறக்கும் சரக்கு அது. கிருமியைக் கொல்லும் வலு அதற்கு மிகக் குறைவு. கண்ணைச் சிவக்க வைப்பதில் மட்டும் கெட்டி. வாடை வந்ததும் "ரெண்டு நாள் மருந்து போடாதே" என்று வேலையாளிடம் சொல்பவர்கள் நோயை வளர்க்கிறார்கள். குளோரமினை உடைக்க அதன் அளவைப்போல் சுமார் 10 மடங்கு குளோரினை ஒரே தவணையில், பொழுது சாய்ந்த பிறகு போட வேண்டும். அளவு பழையபடி இறங்கும்வரை யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. இறங்குமுன் எல்லோரும் ஒரு நிமிடம் ஷவரில் நின்றால் இந்தச் செலவில் பாதி மிச்சம் என்பது என் கட்சி.

"டெஸ்ட் கிட்டில் மஞ்சள் வந்துவிட்டது, போதும்."

மஞ்சள் காட்டும் மலிவான கிட் மொத்தக் குளோரினைத்தான் சொல்லும். அதில் வேலை செய்யும் குளோரின் எவ்வளவு, செத்த குளோரமின் எவ்வளவு என்று பிரிக்காது. இளஞ்சிவப்பாக மாறும் டி.பி.டி. கிட் பிரித்துக் காட்டும். அதிலும் ஒரு கண்ணி உண்டு: குளோரின் எக்கச்சக்கமாக இருந்தால் சாயமே வெளுத்து, குளோரினே இல்லை என்பதுபோலத் தெரியும். தண்ணீரை முழங்கை ஆழத்தில், உள்ளே நீர் பாயும் குழாயிலிருந்து தள்ளி எடுங்கள்.

"குளோரின் அளவு சரியென்றால் எல்லாம் சரி."

பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இதுதான். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.5-ல் இருக்கும்போது குளோரினில் ஏறத்தாழ பாதிதான் வீரியமான வடிவில் இருக்கும். 8-க்கு ஏறினால் அது கால்பங்குக்கும் கீழே போய்விடும். கிட் காட்டும் எண் மட்டும் மாறாது. 7.2-லிருந்து 7.8-க்குள் நிறுத்துவது நல்லது. நம் ஊரில் புழங்கும் பிளீச்சிங் பவுடர் பி.எச்.-ஐ ஏற்றும், சுண்ணாம்பையும் சேர்க்கும். போர் தண்ணீர் ஏற்கெனவே உப்பென்றால் டைல்ஸில் வெள்ளைப் படிவு நிச்சயம். பி.எச். நிலையில்லாமல் ஆடினால் காரத்தன்மையைப் பாருங்கள்: 80 முதல் 120 பி.பி.எம். வேண்டும். குறைந்தால் சமையல் சோடா போதும்.

கையால் அள்ளிப் போடும் பழக்கத்தையும் விடுங்கள். 50,000 லிட்டர் குளத்தில் 1 பி.பி.எம். ஏற்ற 50 கிராம் குளோரின் வேண்டும். 30 சதவீத பிளீச்சிங் பவுடரென்றால் சுமார் 165 கிராம். சமையலறைத் தராசு போதும்.

"குளோரின் மாத்திரை போட்டால் கவலையில்லை."

வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் அமிலம் இல்லாத குளோரினின் பெரும்பகுதியை நம் வெயில் ஓரிரு மணி நேரத்தில் தின்றுவிடும். மாத்திரையில் அந்த அமிலம் கூடவே வருகிறது. ஆனால் குளோரின் தீர்ந்தாலும் அது தீராது. ஆவியாகாது, ஃபில்டரிலும் நிற்காது. 30 முதல் 50 பி.பி.எம். வரை நன்மை. 100-ஐத் தாண்டினால் குளோரின் மந்தமாகி, மாத்திரை மிதக்கும்போதே பாசி பிடிக்கும். குளத்தில் ஒரு பகுதியை இறைத்துப் புதுத் தண்ணீர் விடுவதே நடைமுறை வழி. லாரித் தண்ணீர் வாங்குபவர்களுக்கு இது கசக்கும்.

உப்புநீர்க் குளத்தில் குளோரின் கிடையாது என்பதும் கதை. அந்த இயந்திரம் உப்பிலிருந்து குளோரினைத்தான் தயாரிக்கிறது. வெளுத்த முடியைப் பச்சையாக்குவதும் குளோரின் அல்ல, தாமிரம்.

கடைசியாக ஒன்று. அமிலக் கேனும் பிளீச்சிங் பவுடரும் ஒரே அலமாரியில் இருந்தால் இன்றே பிரித்து வையுங்கள். இரண்டும் கலந்தால் எழுவது குளோரின் வாயு. அது ஆளைக் கொல்லும். பவுடர் அள்ளிய கரண்டியை மாத்திரை டப்பாவுக்குள் விடாதீர்கள், தீப்பிடிக்கும்.